இறங்காத முள்

— ஒரு உயிரு இருபத்தேழு ரூபாங்க சாமி. பாருங்க, பாட்டில் மேலயே அச்சடிச்சிருக்கான். உள்ளூர் வரி தனியாம்.

— பாட்டிலைக் கீழ வைங்கோ சலாம் பாய். எதுக்கு இப்படிக் கத்தறேள்?

— கத்தாம என்ன செய்யறது? இருபது வருசமா இந்தப் பாலக்கரையில குளிர்கிடங்கு நடத்துறேன். ஆப்பிளு, திராட்சை, முட்டைன்னு எவ்வளவோ கெட்டுப் போயிருக்கு. ஒரு பெட்டி அழுகுனா அந்த நட்டத்தை அடுத்த பெட்டி மேல தூக்கி வச்சு வித்துட்டுப் போயிருக்கேன். இது பாம்புக்கடி மருந்து. கடிபட்டு வந்தவன்கிட்ட, ‘கொஞ்சம் வாடிப் போச்சுப்பா, பாதி வெலைக்கு எடுத்துக்க’ன்னு சொல்ல முடியுமா?

— விஷயத்தைச் சொல்லுங்கோ. விடிஞ்சும் விடியாம அடுத்தாத்து டெலிபோன்ல கூப்ட்டு வாங்கன்னேள். ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ல நின்னுண்டே வந்திருக்கேன்.

— மொதல்ல ஒரு கோலி சோடா குடிங்க. மூடுன பாட்டிலு. ஒங்க ஆசாரத்துக்கு ஒரு கொறையும் வராது.

— வேண்டாம்.

— என் மவ நிக்காஹ்ல மட்டும் ரசிச்சுக் குடிச்சீங்க? பிரியாணிப் பக்கமே திரும்பாம, பந்தி ஓரமா சோடாவோட நின்னுக்கிட்டு. எங்க மாப்பிள்ளை வீட்டாரு கேட்டாங்க, இவரு யாரு, சோடாக் கடைக்காரரான்னு.

— அது ஞாயித்துக்கிழமை. இன்னிக்குச் செவ்வாய். சோடாப் பேச்சை விடுங்கோ பாய்.

— சரி, விட்டேன். இந்தக் கண்ணாடி வழியா மருந்து அறைக்குள்ள பாருங்க. தெர்மாமீட்டர் தெரியுதா? பாதரசம் எங்க நிக்குது?

— நாலு டிகிரி. இருக்க வேண்டிய இடத்துல தான் இருக்கு.

— முள்ளு?

— முள்... முப்பத்து மூணு.

— நீங்க மாட்டுன தெர்மாமீட்டரு. ‘பாதரசம் ஏறினா இந்தக் குட்டி இரும்பு முள்ளையும் தள்ளிண்டு போகும் பாய், பாதரசம் இறங்கிட்டாலும் முள் இறங்காது, எவ்வளவு சூடு ஏறித்துன்னு சாட்சி சொல்லிண்டே நிக்கும்’னு வெளக்குனீங்க. எங்க வீட்டுப் பொம்பளை கோவம் மாதிரின்னு நான்கூடச் சிரிச்சேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நீங்க வந்து காந்தத்தை வச்சு இழுத்து எறக்கி விடுவீங்க. போன சனிக்கிழமையும் வந்தீங்க.

— வந்தேன். அன்னிக்கு ஐஞ்சைத் தாண்டலை.

— அப்ப சனிக்கிழமைக்கும் இன்னைக்கும் நடுவுல இந்த அறை முப்பத்து மூணுக்குப் போயிட்டு வந்திருக்கு. நாலுல இருக்க வேண்டிய மருந்து, சித்திரை மாச வெயில்ல வெந்துட்டு, மறுபடி ஒண்ணும் தெரியாத மாதிரி குளிர்ந்து உக்காந்திருக்கு.

— கரண்டு போச்சா?

— ஞாயித்துக்கிழமை முற்பகல்ல போச்சு. எங்க மண்டபத்துல நிக்காஹ் ஓதற நேரம், ஃபேனு நின்னுச்சு. எல்லாரும் விசிறியைத் தேடுனாங்க. எனக்கு மாப்பிள்ளை வேர்க்கறாரேங்கற கவலை. இங்க என்ன வேர்க்குதுன்னு ஒரு நிமிசம் தோணல சாமி.

— ஜெனரேட்டர் ரெண்டு இருக்கே பாய். ரெண்டுமா ஓடலை?

— ஓட்ட ஆளில்ல.

— மூணு காவலாளி இருக்காளே.

— அதைத்தான் ஒங்ககிட்டப் பேசணும். தில்லை நகர் டாக்டருங்க அஞ்சு பேரு மொத மொத வந்ததை நெனைச்சுப் பாருங்க. ‘ஆளுக்கொரு ஃபிரிட்ஜ் வச்சிருக்கோம் பாய், வோல்டேஜ் ஏறி எறங்கி மாசம் ஒண்ணு புகையுது, எல்லாரோட மருந்தையும் ஒங்க எடத்துல ஒண்ணாப் போட்டுடறோம், வாடகையைப் பங்கு போட்டுக்கறோம்’னாங்க. பழ அறையைத் தடுத்து இந்த அறையைக் கட்டுனேன். ஆனா அவங்களும் கெட்டிக்காரங்க. ‘வியாபாரி வாயை நம்பி உயிர் மருந்தை வைக்க முடியாது, பாலிடெக்னிக் வாத்தியார் ஒருத்தர் சோதிச்சு, இது எப்படிக் கெடும், எப்பக் கெடும்னு எழுதித் தரட்டும்’னாங்க. நீங்க வந்தீங்க.

— வந்தேன்.

— வந்து என்னைப் பிழிஞ்சீங்க. குளிர் எந்திரம் ஒண்ணு போதாதுன்னீங்க. ரெண்டு வச்சேன். கரண்டு போனா ஜெனரேட்டர்ன்னீங்க. வச்சேன். அது மக்கர் பண்ணினா என்னன்னீங்க. இன்னொண்ணு வச்சேன். ‘ரெண்டுக்கும் ஒரே டீசல் டாங்க்கா? தண்ணி கலந்துட்டா ரெண்டும் சேர்ந்து நிக்குமே’ன்னீங்க. டாங்க்கையும் பிரிச்சேன். என் சம்சாரம் கேட்டா, இந்த ஐயங்காரு கண்ணுல ஒத்தைப் பொருளே படாதான்னு.

— ஒண்ணு கெட்டா மத்தது நிக்கணும் பாய். ஒரே காரணத்தால ரெண்டும் சேர்ந்து கெடக்கூடாது. அவ்வளவுதான் நம்பகம்.

— அந்தப் பாடத்துல நான் ஒங்களுக்குக் கொறைஞ்சவன் இல்ல. காவலுக்கு ஆள் போட்டதைப் பாத்து நீங்களே தொடையில தட்டி ரசிச்சீங்க. அழகர்சாமி, அருள்நாதன், முஜிபுர் ரஹ்மான். ஒரே மதத்துக்காரனா மூணு பேரைப் போட்டா பண்டிகைன்னா மூணும் காலி. தீபாவளிக்கு அழகர்சாமி போவான், மத்த ரெண்டு பேரு இருப்பானுங்க. கிறிஸ்துமசுக்கு அருள்நாதன். ரம்ஜானுக்கு முஜிபு. ஜெனரேட்டர் கைப்பிடியைச் சுத்த என்னைக்கும் ஒருத்தன் மிஞ்சுவான்.

— ரிப்போர்ட்லயே அதைப் பாராட்டி எழுதினேன்.

— பாராட்டுனது போதாதுன்னு பெருக்கியும் காட்டுனீங்க. ஒரு ஆளு முப்பது நாளைக்கு ஒரு நாள் வராம போவான். முப்பதை முப்பதால பெருக்கி, திரும்பவும் முப்பதால பெருக்கி, மூணு பேரும் ஒரே நாள்ல இல்லாம போறது எழுபத்து நாலு வருசத்துக்கு ஒரு தடவைன்னீங்க. நான் மவுத்தாகி, என் பேரன் கல்லாவுல உக்காந்திருக்கற காலத்துல வரும்னு நிம்மதியாத் தூங்குனேன். வருசம் முடியறதுக்குள்ளயே வந்து நிக்குது.

— எந்தப் பண்டிகையும் இல்லையே, போன ஞாயித்துக்கிழமை.

— என் மவ கல்யாணம் எந்த மதத்துப் பண்டிகைங்க சாமி?

— பாய்...

— மூணு பேரு வீட்டுக்கும் நானே நடந்து போனேன். தனித்தனியா. வேலைக்காரன்னு பாக்காம வெத்தலை பாக்கு வச்சு அழைச்சேன். ‘மறக்காம ஒரு எட்டு வந்து சாப்பிட்டுட்டுப் போடா, மத்தவன் பாத்துக்குவான்’னேன். ஒருத்தனைக் கூப்பிட்டு ஒருத்தனை விட்டா மனசு நோகும்ல? மூணு பேரும் அந்த மத்தவன் இருப்பான்னு நம்பி வந்துட்டானுங்க. எந்திரத்தை ரெண்டு ரெண்டா எண்ணுனீங்க, மனுசனை மூணா எண்ணுனீங்க. மூணு பேரையும் கூப்பிடுற வாய் ஒண்ணுதாங்கறதை நீங்களும் எண்ணல, நானும் எண்ணல.

— தனித்தனின்னு வச்சுண்டு பெருக்கினேன். தனித்தனியா இல்லை.

— இருங்க, இன்னும் இருக்கு. பழ அறையில வச்சா எடம் அடைக்கும்னு கல்யாணச் சோடாப் பெட்டியை எல்லாம் மருந்து அறையில அடுக்கி வச்சேன்.

— மருந்து அறையிலயா?

— என் எடம், என் மவ கல்யாணம். ஒரு நாளுதானேன்னு வச்சேன். கரண்டு போறதுக்கு முன்னால அழகர்சாமி மூணு சக்கர வண்டியில ஏத்திக்கிட்டு வந்தான். ரெண்டு கையிலயும் பெட்டி. காலால ஒதைச்சுக் கதவைச் சாத்தியிருக்கான், அது சாத்திக்கல. சாயங்காலம் கரண்டு வந்துச்சு. வந்து என்ன? மோட்டாரு தானா ஓடுமா? பச்சைப் பொத்தானை ஒருத்தன் அமுக்கணும். அதுவும் நீங்க சொன்னதுதான், தானா ஓடுனா வோல்டேஜ்ல கருகிடும்னு. மூணு பேரும் மண்டபத்துலயே சட்டி பானை கழுவி, அங்கயே பாயை விரிச்சுத் தூங்கிட்டானுங்க. திங்கக்கிழமை காலையில முஜிபு வந்து, தொறந்த கதவைப் பாத்து, சாத்திட்டு, பொத்தானை அமுக்கிட்டு, வாயை மூடிக்கிட்டான். நான் நேத்து முழுக்க மறுவீட்டு விருந்துல. இன்னைக்கு பஜ்ரு தொழுதுட்டு இங்க வந்து முள்ளைப் பாத்தேன்.

— இந்த முள்ளை வேற யார் யார் பார்த்தா?

— ஏன் கேக்குறீங்க?

— கேக்கறேன். சொல்லுங்கோ.

— நான். முஜிபு. இப்ப நீங்க.

— நர்சிங் ஹோம்காரா யாரும் இன்னும் வந்து பார்க்கலை?

— இந்த அறைக்குள்ள யாரும் வரல.

— பாய், முள் சொல்றதெல்லாம் வேதவாக்குன்னு எடுத்துக்க வேண்டியதில்லை. பின்பக்கச் சுவத்துல லாரி இடிச்சா அதிர்ச்சியில முள் நகரும். கதவை ஓங்கிச் சாத்தினா நகரும்.

— நாலுலேர்ந்து முப்பத்து மூணுக்கா?

— நகரவே நகராதுன்னு சொல்ல முடியாது.

— இந்த அறைக்குப் பின்னால லாரி வர வழியே இல்லையே சாமி. சந்து. ஆட்டோவே திரும்பாது.

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மருந்தைப் பாருங்கோ, தெளிவா இருக்கு. கலங்கலை. கலங்கினாத் தூக்கிப் போடுன்னு தான் அட்டையிலயே போட்டிருக்கான். இருநூறு பாட்டிலையும் கொட்டிட்டேள்னா அடுத்த சரக்கு வர வரைக்கும் தில்லை நகர்ல ஒருத்தர் கிட்டயும் மருந்து இருக்காது. வாழைத் தோட்டத்துல அறுப்பு நேரம். அதையும் யோசிக்கணுமில்லையோ?

— நல்லாப் பேசுறீங்க. பெரிய கடைவீதியில ஒங்களை உக்கார வச்சா நாங்கெல்லாம் கடையை மூடிட்டுப் போக வேண்டியது தான். சட்டைப் பையில என்ன, இடது பக்கம் இழுத்துக்கிட்டுத் தொங்குது?

— மூக்குக் கண்ணாடி.

— மூக்குக் கண்ணாடி மூக்குல இருக்கு.

— காந்தம்.

— காந்தம். போன்ல நான் காந்தம்னு சொல்லலையே சாமி. முள்ளுன்னுகூடச் சொல்லல. வாங்கன்னு மட்டும் தானே சொன்னேன்?

— ஏதோ தோணித்து. எடுத்துண்டு வந்தேன்.

— எவ்வளவு?

— என்ன எவ்வளவு?

— இழுத்து விடுறதுக்கு.

— என்னைப் பார்த்தா லஞ்சம் வாங்கறவன் மாதிரி இருக்கா? ஒரு காசு வேண்டாம்.

— அதுதான் எனக்கு பயமா இருக்கு. எங்க அத்தா சொல்லுவாரு, வெலை சொல்லாம ஒருத்தன் சரக்கை நீட்டுனா வாங்காதடா, பழுது சரக்குல இல்லன்னா அவன் மனசுல இருக்கும்னு. ஒரு அரிசி கூட வெளியில சாப்பிடாத ஆளு. போன வருசம் நான் அனுப்புன பழக்கூடையைக்கூட, ‘சோதிக்க வந்தவன் வாங்கப்படாது’ன்னு திருப்பி அனுப்புனீங்க. எனக்காகவா இப்ப பொய் சொல்லக் கெளம்பிட்டீங்க?

— பெண் கல்யாணம் பண்ணிக் கை ஒடிஞ்சு நிக்கறேள். தலை குனியப்படாதேன்னு பார்த்தேன்.

— நல்ல மனசு. நானும் பாத்தேன் சாமி, பொய் சொல்ல மாட்டேன். காலையில இதே நாற்காலியில அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். காந்தத்துக்கு நீங்க எதுக்கு? தெருமுனையில ரேடியோ ரிப்பேர் கடை. பழைய ஸ்பீக்கர் ஒண்ணை ஒடைச்சா காந்தம். எப்பக் கடை தொறப்பான்னு கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்பத்தான் முஜிபு வந்து காலடியில உக்காந்து மீதியையும் சொன்னான். திங்கக்கிழமை காலையில நர்சிங் ஹோம் பியூனுங்க வந்து அஞ்சு பாட்டிலு எடுத்துட்டுப் போயிருக்காங்க.

— வெந்த சரக்குலேர்ந்தா?

— அதுலேர்ந்து தான். லூர்துராணி சிஸ்டரைத் தெரியுமில்ல, வயலூர் ரோட்டுப் பக்க நர்சிங் ஹோம்ல மருந்துப் பொறுப்பு? அவங்களுக்கு போன் போட்டேன். அந்த அம்மா தூங்காத கொரல்ல பேசுனாங்க. ஜீயபுரத்துலேர்ந்து பொன்னுத்தாய்னு ஒருத்தி. வாழைத்தாரு சொமக்கறவ. நேத்துச் சாயங்காலம் கண்ணாடி விரியன் கடிச்சு மாட்டு வண்டியிலயும் பஸ்ஸுலயுமா வந்திருக்கா. நம்ம பாட்டிலைத்தான் ஏத்தியிருக்காங்க. ‘மருந்து போட்டும் ரத்தம் ஒறைய மாட்டேங்குது பாய், ஈறுலேர்ந்து வடிஞ்சுக்கிட்டே இருக்கு, டாக்டர் என்னன்னு புரியாம நிக்கறார்’னாங்க.

— பெருமாளே. ஊசி போட்டாச்சா?

— போட்டாச்சு. அந்த முள்ளை ஒங்க காந்தம் எறக்கும். அவ ஒடம்புல போன மருந்தை எறக்குமா? சொல்லிட்டேன். கதவு, கரண்டு, முப்பத்து மூணு, எல்லாத்தையும். ஒங்க ஊட்டுக்கு போன் பண்றதுக்கு முன்னாலயே.

— முன்னாலயேவா?

— பெரியாஸ்பத்திரியிலேர்ந்து வேற மருந்து வாங்கி ஏத்தச் சொல்லி ஆளை ஓட்டியிருக்காங்க. மத்த பாட்டிலை எல்லாம் போட்டுறாதீங்கன்னு மத்த எடங்களுக்கும் அவங்களே சொல்லிட்டாங்க. முஜிபு அதை வாங்கிட்டு வரத்தான் சைக்கிள்ல போயிருக்கான். அருள்நாதன் ஐஸ் பெட்டியோட தஞ்சாவூரு பஸ்ஸு ஏறிட்டான், புதுச் சரக்கு பாக்க. உள்ள இருக்கற இருநூறும், அவங்க வச்சிருக்கற மத்த ஊசி மருந்தும் குப்பை. நான் குடுக்கணும். குடுப்பேன். ஒரு கடையை வித்து மவளை அனுப்புனேன், இன்னொண்ணை வித்து மருந்தை அனுப்புறேன்.

— அப்போ என்னை எதுக்குக் கூப்பிட்டேள்?

— புதுச் சரக்கு வந்ததும் முள்ளை எறக்கணும்ல? அதுக்கு முன்னால நீங்க பாத்து எழுதிக்கிட்டு, அப்பறம் ஒங்க கையாலயே எறக்கணும். ஒப்பந்தத்துல அப்படித்தானே? காந்தத்தைக் கொண்டாங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன், லைனு கட்டாயிடுச்சு. ஆனா நீங்களே கொண்டாந்துட்டீங்க.

— அவ எப்படி இருக்கா இப்போ?

— தெரியல. சிஸ்டர் கூப்பிடறேன்னாங்க. காத்துக்கிட்டிருக்கேன். எங்கள்ல இதுக்கு அமானத்துன்னு பேரு சாமி. ஒருத்தன் நம்பி ஒப்படைச்ச பொருளு. அதுல தவறுனா மறுமையில பதில் சொல்லணும்.

— எங்கள்லயும் ஒண்ணு உண்டு. பரந்யாஸம். பாரத்தைப் பெருமாள் திருவடியில வச்சுட்டா அப்புறம் அது நம்ம பாரம் இல்லை.

— பெருமாள்கிட்ட வச்சாச் சரி. இங்க அஞ்சு டாக்டரும் என் மேல வச்சாங்க. நான் ஒங்க ரிப்போர்ட் மேலயும் மூணு காவக்காரன் மேலயும் வச்சேன். அவன் ஒவ்வொருத்தனும் மத்தவன் மேல வச்சான். பாரம் ஊரைச் சுத்தி வந்துச்சே ஒழிய ஒரு தோளும் தூக்கல.

— நன்னாச் சொன்னேள். பொதுவுல வைக்கறதே இதுக்குத்தான் போலருக்கு, யாரும் தூக்காம இருக்கறதுக்கு.

— சைக்கிள் சத்தம். முஜிபு வந்துட்டான். என்னடா, எத்தனை?

— நாலு, மொதலாளி. தில்லை நகர் பத்தாவது க்ராஸ்ல ரெண்டு, சாஸ்திரி ரோட்டுல ஒண்ணு, சிஸ்டர்கிட்ட ஒண்ணு. போனது அஞ்சு, வந்தது நாலு.

— அந்த ஒண்ணு எங்கன்னு தெரியும். மேசை மேல வை. தனியா வை, மத்ததோட கலந்துடாத.

— சரிங்க மொதலாளி. அட, வாத்தியார் சாரு. மன்னிச்சுக்குங்க சார், நாங்க பண்ணது தப்புதான். ஆனா நீங்களே அன்னைக்கு மண்டபத்துல எங்க மூணு பேரையும் பாத்து...

— முஜிபு, கதவு தொறந்திருக்கு பாரு. போயிச் சாத்து. இந்தத் தடவை கையால சாத்து.

— சாத்தித்தான் மொதலாளி இருக்கு.

— திரும்பப் போயிப் பாரு. அப்படியே டீ சொல்லிட்டு வா.

— பாய், அவன் ஏதோ சொல்ல வந்தானே.

— அவன் கெடக்கான். பயத்துல ஒளர்றான். மூணு பேருமே அப்படித்தான். அழகர்சாமி காலையிலேர்ந்து பின்கட்டுல சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கான். வாங்குற சம்பளத்துல புடிச்சுக்குங்கங்கறான். அவன் சம்பளத்துல புடிச்சா எழுபத்து நாலு வருசம் ஆகும், ஒங்க கணக்கு தான்.

— எல்லாத்தையும் நீங்க ஒருத்தரே சுமக்கப் போறேளா?

— கூப்பிட்ட வாய் என்னது. சோடாவை வச்ச கையும் என்னது. கொழப்பமே இல்லாத கணக்கு.

— பாய், நான்...

— போன் அடிக்குது. இருங்க. ஹலோ. ஆமாங்க சிஸ்டர், சலாம் தான். சொல்லுங்க. ...எப்ப? ...ஒறையுதா? நெசமாவா சிஸ்டர்? அல்ஹம்துலில்லா. சாமி, ரத்தம் ஒறைய ஆரம்பிச்சுடுச்சாம். பெரியாஸ்பத்திரி மருந்து ஏத்துனப்பறம். கண்ணைத் தொறந்து புள்ளையைக் கேட்டாளாம்.

— ரங்கா. ரங்கநாதா.

— சொல்லுங்க சிஸ்டர், கேக்குறேன். ...ஆமாங்க. இன்னும் ஒரு மணி நேரம் நான் யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா? ...வேணாம் சிஸ்டர், அதைச் சொல்லாதீங்க. ...டாக்டருங்க கூடுறாங்களா? இன்னைக்கே? ...சரி. எப்படி நடந்துச்சுன்னு எழுதி வைக்கணும்னா எழுதிக்குங்க. ...யாரு யாருக்குத் தெரிஞ்சும் சொல்லாம இருந்தாங்கன்னா? எழுதிக்குங்க. அப்துல் சலாம். ஒருத்தன் தான். முஜிபு சின்னவன், பயந்துட்டான், அவனை விட்டுடுங்க. வேற யாருக்கும் தெரியாது. ...ஆமா, சோதிச்ச வாத்தியாரும் இங்கதான் இருக்காரு. அவருக்கு என்ன தெரியும், பாவம். ஸ்ரீரங்கத்துல இருக்கறவரு.

— போனை இப்படிக் குடுங்கோ.

— சாமி, வேணாம். முடிஞ்ச பேரம். நான் கை கொடுத்துட்டேன்.

— முஜிபுர் சொன்னதை முழுசாக் கேட்டிருக்கேள் நீங்க. காலம்பறவே கேட்டிருக்கேள். அதனால தான் அவனைக் கதவுக்கு அனுப்பினேள்.

— நல்ல காரியத்துல நல்ல மனுசன் சும்மா இருந்தாரு. அதுக்கு யாரு வெலை போடுவா? விடுங்க.

— குடுங்கோ பாய். சிஸ்டர், பராசரன் பேசறேன். ரிப்போர்ட் எழுதினவன். பாய் சொன்ன கணக்கை அடிச்சுட்டு நான் சொல்றதை எழுதிக்கோங்கோ. காவலுக்கு மூணு பேர். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கரண்டு போன மண்டபத்துல, ஒரே பந்தியில, பக்கத்துப் பக்கத்து இலையில மூணு பேர். மிச்சம் கிடங்குல யாருமில்லை. இந்தக் கழித்தலை அங்கேயே, அழகர்சாமி நீட்டின ஜில்லுனு இருந்த சோடாவைக் கையில வச்சுண்டே ஒருத்தன் போட்டுப் பார்த்தான். மங்கள காரியம் நடக்கற இடத்துல போய் இதைக் கேப்பானேன்னு பாட்டிலைக் காலி பண்ணிட்டு பஸ் ஏறிட்டான். போன பாட்டில் அஞ்சு, வந்தது நாலு. அந்த ஒண்ணை என் பேர்ல எழுதுங்கோ.